முகத்தில் போட்ட துண்டு

சீனுவாசனுக்கு மீசை முளைத்துவிட்டது என்பதை ஊர் ஒப்புக்கொள்ளவே கொஞ்ச காலம் ஆயிற்று. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளை வெயிலில் நிறுத்தி, முகவாயைப் பிடித்துத் திருப்பி, பார்க்கிறவரும் கொஞ்சம் பெரிய மனது பண்ண வேண்டும். ஒலக்கூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே சொந்தமாகக் கொல்லி நிலம் வைத்துப் பயிர் செய்கிற வெங்கடாசலத்துக்கு வரிசையாகப் பெண்களே பிறந்து, வேண்டுதலைக் கேட்டுக் கேட்டுச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் அலுத்துப்போன பிறகு பிறந்த பிள்ளை அவன். அக்காமார்கள் அவனை இடுப்பை விட்டு இறக்கியதே கிடையாது. ஒருத்திக்கு இடுப்பு வலித்தால் அடுத்தவள் இடுப்பு. எட்டு வயதில் முதன்முதலாகத் தரையில் விட்டபோது, "இன்னாக்கா, கீழே சுடுது?" என்று கேட்டானாம். பதினேழு வயதிலும் கேப்பைக் களியை யாராவது உருட்டிக் குழம்பில் தோய்த்துக் கையில் வைத்தால்தான் அவனுக்கு இறங்கும். அக்காமார்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போகப் போக, பையன் துரும்பாக இளைத்தான். கடைசி அக்கா அம்சா பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தபோது, முதலில் சதை போட்டது அவள் குழந்தை இல்லை, இவன்தான்.

இப்பேர்ப்பட்ட பிள்ளையை ஒரே ராத்திரியில் பெரிய மனுசனாக்க வேண்டி வந்தது. அதற்குக் காரணம் நிஜமான பெரிய மனுசர்கள் இரண்டு பேர்.

ஒருவர் வெங்கடாசலம். இன்னொருவர் அம்சாவின் புருஷன் பெரியதம்பி. பெரியதம்பி திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை செய்கிறவன். டவுன்காரன். அம்சாவின் வளைகாப்புக்கு வந்திருந்தபோது, "மாப்ளே, வண்டியைப் பூட்டு" என்று மாமனார் சொல்ல, அவன் வலத்து மாட்டை இடப்பக்கமும் இடத்து மாட்டை வலப்பக்கமும் நிறுத்திப் பூட்டிவிட்டான். மாடுகள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து முழித்தன. வெங்கடாசலம் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "மாடு பூட்டத் தெரியாதவனுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்?" என்று பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி கேட்டார். பெரியதம்பி போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து, "இனிமே இந்த வூட்டு வாசப்படியை மிதிச்சா என் பேரை மாத்திக் கூப்புடுங்க" என்று போய்விட்டான். "அவன் இருக்கற தெருவுல என் நெழலு கூட வுழாது" என்று இவரும் சொல்லிவிட்டார். பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை வரவில்லை. மாமனார் கூப்பிடவில்லை. குழந்தை மட்டும் யார் பக்கமும் சேராமல் கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

அது யுத்த காலம். ஒரு சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். பெரியதம்பி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், நாளைக்கே புறப்பாடு. மதிய வண்டியில் திண்டிவனத்தில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, பொழுது சாய்கிற நேரத்துக்குக் காட்பாடி வண்டி; அங்கிருந்து பெங்களூர்; அதற்கப்புறம் கப்பல்; அதற்கப்புறம் சண்டை. அம்சா இதைக் கேட்டதிலிருந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதாள். "மதிய வண்டி, விழுப்புரத்துல எறங்கி, பொழுது சாயறப்ப காட்பாடி வண்டி... பெத்த புள்ள மொகத்தைப் பாக்காமலே போயிடுவாரே!" இதைக் கேட்டுக் கேட்டு வீட்டுப் பூனைக்குக் கூட ரயில் நேரம் மனப்பாடமாகிவிட்டது.

வெங்கடாசலம் தொண்டையைக் கனைத்தார். "நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான். நான் வரமாட்டேன்."

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலம். மற்ற மருமகன்மார்கள் அவரவர் கொல்லியில் கிடந்தார்கள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பிச் சீனுவாசனைப் பார்த்தார்கள். சீனுவாசனும் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது அறிவுரை. அதை மூட்டை கட்டியிருந்தால் ஏற்ற இன்னொரு வண்டி வேண்டியிருக்கும். "மொத தபா போட்ட சோத்தோட எந்திரிச்சிடு. ரெண்டாந்தபா கேட்டியானா வளத்தவளைத்தான் சிரிப்பாங்க" என்றாள் அம்மா. "ரோட்டுல எவன் கூப்பிட்டாலும் நிக்காத, போய்க்கினே இரு" என்றார் சித்தப்பா. "எவனாவது கூப்பிட்டா நின்னு மரியாதையா பதில் சொல்லிட்டுப் போ" என்றார் பெரியப்பா. பக்கத்து வீட்டுக்காரி, குழந்தைக்கு வெயில் படாமல் இருக்க ஒன்று, காற்றுப் படாமல் இருக்க ஒன்று, கண் படாமல் இருக்க ஒன்று என்று வழி சொன்னாள்.

வெங்கடாசலம் மகனைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த வூட்டுல பச்சைத் தண்ணி வாயில படக் கூடாது. நாம கோவமா கீறோம்னு தெரியணும். அதே சமயத்துல மரியாதையும் கொறையக் கூடாது. புரிஞ்சுதா?"

"ரெண்டும் எப்படி நைனா ஒண்ணா பண்றது?"

வெங்கடாசலத்துக்கும் தெரியவில்லை. "அதெல்லாம் தானா வரணும்டா. வயசாவுது இல்ல?" என்று சொல்லிவிட்டு வைக்கோல் எடுக்கப் போய்விட்டார்.

இவ்வளவு பேர் இவ்வளவு சொன்னார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்பா சொல்லியிருப்பார் என்று சித்தப்பா நினைத்தார். இது கூடவா சொல்லித் தர வேண்டும் என்று அப்பா நினைத்தார். அந்த விஷயம் வீட்டுக் கொட்டகையில் கொம்பை ஆட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தது. போன மாசம்தான் வெங்கடாசலம் பழைய ஜோடியைக் கொடுத்துவிட்டு, பனமலை ஏரிப் பக்கம் போய்ப் புதிதாக ஒரு ஜோடி பிடித்து வந்திருந்தார். கொம்பு இரண்டும் கோயில் வாசல் வளைவு மாதிரி. நடந்தால் பூமி நகர்ந்து வழி விடும். தினமும் அதுகளின் முதுகைத் தடவாமல் அவர் சோற்றில் கை வைக்க மாட்டார். அதுகள் வந்ததிலிருந்து கொல்லியில் ஏர் இழுத்ததோடு சரி. ரோட்டுக்கே போனதில்லை.

விடியலுக்கு முன்னால் கூண்டு வண்டி கிளம்பியது. உள்ளே குழந்தையோடு அம்சா. காலடியில் மாமியார் வீட்டுக்கு ஒரு சாக்கு மல்லாட்டை, ஒரு பூசணிக்காய். முன்னால் சீனுவாசன். தலையில் முண்டாசு கூட உண்டு; அதைக் கட்டிவிட்டது அம்மா.

ஊர் எல்லை தாண்டியதும் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு நாள் பின்னால் உட்கார்ந்து அவன் பார்த்த காட்சி ஒன்று உண்டு. அவன் அப்பா வண்டி ஓட்டுகிற அழகு. எல்லைக்கல் தாண்டியதும் வெங்கடாசலம் கூண்டில் சாய்ந்துகொள்வார். தோளில் இருக்கும் துண்டை உதறுவார். முகத்தில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் வேலை. மாடு போகும், வண்டி போகும், திண்டிவனம் சந்தை வந்ததும் துண்டை எடுப்பார். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். வழி மாட்டுக்குத் தெரியும். தூக்கத்திலும் அப்பாவின் வலது கால் கட்டைவிரல் மட்டும் அவ்வப்போது மாட்டின் தொடையைப் போய்த் தொடும். சிலருக்குத் தூக்கத்தில் கால் ஆடுகிற பழக்கம் உண்டல்லவா, அந்த மாதிரி என்று அவன் நினைத்துக்கொள்வான். ஆண்பிள்ளையாக வளர்வது என்றால் அவனுக்கு அந்தத் துண்டுதான் கண்ணில் நிற்கும். என்றைக்குத் தன் முகத்தில் அந்த மாதிரி ஒரு துண்டு விழுகிறதோ, அன்றைக்குத் தான் பெரிய மனுசன்.

"டேய் சீனு, தூங்கிடாதடா" என்றாள் அம்சா, கூண்டுக்குள்ளிருந்து.

"நைனா தூங்கல? நீ கம்முனு படுக்கா. ராத்திரி பூரா அழுதுக்கினு கெடந்த. நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்.' தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. முண்டாசை அவிழ்த்தான். உதறினான். முகத்தில் போட்டுக்கொண்டான். தூங்கினான் பாருங்கள், அப்படியொரு தூக்கம்! வெள்ளிக்கிழமைக் கோயில் மேளம் காதுக்குள் வந்து அடித்திருந்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

உள்ளே அழுது ஓய்ந்த அம்சாவும் கண்ணயர்ந்தாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. வண்டி நின்றது. மாடுகள் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சீனுவாசன் அப்பாவைப் போலவே நிதானமாகத் துண்டை எடுத்தான், அப்பாவைப் போலவே கொட்டாவி விட்டான். எதிரே ஒரு மலை இருந்தது. மலை மேல் ஒரு கோபுரம்.

"எக்கா! திண்டிவனத்துல எப்ப மலை வந்துச்சு?"

அம்சா படுதாவை விலக்கிப் பார்த்தாள்.

ரோட்டோரம் கூழ்ப்பானை வைத்து விற்கிற அஞ்சம்மாள் என்ற பெரிய உடம்புக்காரி, அகப்பையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மயிலம் மலையைப் பாத்ததில்லையா? எந்தூரு தம்பி நீ?"

"நாங்க திண்டிவனம் போவணும்."

அஞ்சம்மாள் அகப்பையால் அவன் முதுகுப் பக்கம் காட்டினாள். "அதோ, அந்தாண்ட கீது. எப்பவோ தாண்டியிருப்ப. இது கூட்டுரோடு."

கூழ் குடித்துக்கொண்டிருந்த பெரியசாமி என்ற சைக்கிள்காரன் எழுந்து வந்து மாடுகளின் கொம்பைப் பார்த்தான். பார்த்ததும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "அட, பனமலை ஜோடியாச்சே இது! எங்க சித்தப்பன் வூட்டுத் தெருவுலதான் நிக்கும். ஏரிக்கரையோரமா டவுனைச் சுத்திக்கினு ஒரு மாட்டு வழி கீது பாரு, வாங்கினவன் இதுங்களை அதுல ஓட்டிக்கினு போயிருப்பான். வந்த வழியே திரும்பிப் போவுதுங்க. மாட்டுக்கு மட்டும் பொறந்த வூடு ஞாபகம் இருக்காதா?"

அம்சா வெயிலைப் பார்த்தாள். நிழல் காலடியில் வந்து ஒடுங்கிக்கொண்டிருந்தது. அங்கே, முதுகுக்குப் பின்னால், திண்டிவனம் ஸ்டேஷனில் ஒருத்தர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். "டேய்... திருப்புடா வண்டியை. திருப்பு!" என்று கத்தினாள்.

சீனுவாசன் தலைக்கயிற்றை இழுத்தான். மாடுகள் மேற்கே பிரிகிற மண் ரோட்டைப் பார்த்து நின்றன. மறுபடி இழுத்தான். இடத்து மாடு திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தது. 'யாரப்பா நீ?' என்று கேட்கிற பார்வை. வாலைப் பிடித்து முறுக்கினான். உடனே அது முன்னங்காலை மடக்கிச் சௌகரியமாகப் படுத்துவிட்டது. துணைக்கு இருக்கட்டும் என்று வலத்து மாடும் படுத்தது. வண்டி மூக்குக் குப்புறச் சாய, பூசணிக்காய் உருண்டு வெளியே வந்து ரோட்டைக் கடந்து போய் ஒரு பள்ளத்தில் விழுந்தது. அதற்காவது போக ஒரு இடம் தெரிந்திருந்தது.

"ராசா, சாமி, எந்திரிங்கடா" என்று கெஞ்சினான். கும்பிட்டான். ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூக்கிப் பார்த்தான். மாடு அசை போட்டது. பெரியசாமி "மூக்குல தண்ணி ஊத்து" என்றான். அஞ்சம்மாள் "ஊத்தாத, மூச்சு முட்டிடும்; காதுல ஊது" என்றாள். காதில் ஊதினான். மாட்டுக்குச் சுகமாக இருந்தது போலிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டது. குழந்தை வீறிட்டது. சீனுவாசன் ரோட்டில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட அந்தப் பழைய எட்டு வயதுப் பையன் மாதிரி ஓவென்று அழுதான்.

அம்சா இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள். அவள் குரல் தணிந்திருந்தது. "நீ அழாதடா. நீ அழுதா நான் யாரைப் பாத்து அழுவறது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் கண் அவன் முகத்தில் இருந்தது. பெரியசாமியைப் பார்க்கவில்லை, அஞ்சம்மாளைப் பார்க்கவில்லை. வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவன் பின்னால் சுவர் இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

"இப்ப திண்டிவனத்துக்கு ஓடுனாலும் மதிய வண்டி போயிருக்கும்" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அப்புறம், யாரோ வேறு ஆள் சொல்வது போல, "விழுப்புரத்துல எறங்கி, பொழுது சாயறப்ப காட்பாடி வண்டி" என்றான். "எக்கா, மாமா விழுப்புரத்துல ஒக்காந்துக்கினு இருப்பாரு. நாம அங்க போவலாம்."

"எதுல போறது?"

மாடு அந்த வழிக்கும் எழுந்திருக்கவில்லை.

அப்போது வடக்கே ஒரு புகை கிளம்பியது. முதலில் புகை வந்தது, அப்புறம் இருமல் சத்தம் வந்தது, அதற்கும் வெகு நேரத்துக்கு அப்புறம்தான் பஸ் வந்தது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். முதுகில் ஆள் உயர அடுப்பைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுச் சமையற்கட்டு ஒன்று மணமகளைத் தேடிக்கொண்டு தானே புறப்பட்ட மாதிரி வந்தது. கண்டக்டர் முருகையன் முகத்தில் கரி ஈஷியிருந்தது. பல் மட்டும் தெரிந்தது. "விழுப்புரம் ஏர்றவன் ஏறு, ஜல்தி! நின்னா அணைஞ்சிடும், அணைஞ்சா நாளைக்குத்தான்!"

"மாட்டை வுட்டுட்டுப் போயிடாத தம்பி, உங்கப்பன் தோலை உரிச்சிடுவான்" என்றாள் அஞ்சம்மாள். "இதுங்களைப் புடிச்சு வெக்க என்னால ஆவாது. வண்டியை வேணா பாத்துக்கறேன்."

"அக்காளை மட்டும் ஏத்தி வுடு. நீ மாட்டோட இரு. ஆம்பளைப் புள்ளைக்கு மாடுதான் முக்கியம்" என்றான் பெரியசாமி.

"நான் தனியா போவமாட்டேன்" என்றாள் அம்சா. "எனக்கு விழுப்புரம் எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது."

"பேஜாரு புடிச்ச சனங்களா, வர்றீங்களா இல்லியா?" என்றான் முருகையன்.

சீனுவாசனின் கண்ணுக்கு முன்னால் அப்பாவின் கை வந்து நின்றது. மாட்டின் முதுகைத் தடவுகிற கை. இந்த ஜோடியோடு திரும்பாவிட்டால் அந்தக் கை என்ன செய்யும் என்று யோசித்தான். அடிக்கும் என்றால் கூடப் பரவாயில்லை. அடிக்காமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தால்? அந்த யோசனையை முடிக்கத் தைரியமில்லாமல், குனிந்து நுகத்தடியில் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தான். ஒன்று. இன்னொன்று. அவிழ்த்ததுதான் தாமதம், நகரமாட்டோம் என்று படுத்துக் கிடந்த இரண்டும் ராஜகுமாரர்கள் மாதிரி எழுந்து, மண்ணை உதறி, மேற்கே பனமலைப் பாதையில் நடக்க ஆரம்பித்தன. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன்தான் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏறுக்கா" என்றான்.

விழுப்புரம் வரைக்கும் அவன் பஸ்ஸில் போனான் என்று சொன்னால் பொய். பஸ்தான் அவன் தோளில் போனது. மேடு வந்தால் நிற்கும். பள்ளம் வந்தால் யோசிக்கும். சமதரையில் காரணமில்லாமல் அணையும். "ஆம்பளைங்க எறங்குங்க!" என்று முருகையன் கத்த, எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள், அப்புறம் முருகையன் அடுப்பைக் கிளறி ஊத, எல்லோரும் நின்று இருமுவார்கள். தள்ளுகிறபோதெல்லாம் சீனுவாசன் வெயில் இறங்குவதைப் பார்த்தான். வெயிலைத் தள்ளி நிறுத்த வழி இல்லை. பஸ்ஸைத்தான் தள்ளலாம். உள்ளே அம்சா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "சாயுதுடா சீனு, பொழுது சாயுதுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "சாயட்டும்க்கா, சாயட்டும்" என்று மூச்சு வாங்கப் பதில் சொன்னான். வேறென்ன சொல்வது? சாயாதே என்று யாரிடம் சொல்வது?

ஜங்ஷனுக்குள் நுழைந்தபோது அவனுக்கு மயக்கமே வந்தது. தண்டவாளம் என்றால் ஒன்று இருக்கும் என்று நினைத்திருந்தான். இங்கே கோலத்தைக் கொட்டிக் கலைத்தது போல எங்கே பார்த்தாலும் தண்டவாளம். இரண்டு வண்டிகள் புகை விட்டுக்கொண்டு நின்றன. "எதுங்க காட்பாடி வண்டி?" என்று ஒருவரைக் கேட்டான். அவர் இதைக் காட்டினார். இன்னொருவரைக் கேட்டான். அவர் அதைக் காட்டினார். மூன்றாமவர் "ரெண்டும் போயிடுச்சே" என்றார்.

சீனுவாசன் யாரையும் கேட்பதை நிறுத்தினான். கொஞ்சம் நின்று பார்த்தான். ஒரு வண்டியோரம் முறுக்கும் வெற்றிலையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வண்டியோரம் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "அங்கதான்க்கா, வா!" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினான்.

"பெரியதம்பி! பெரியதம்பி மாமா!"

அந்த ஜில்லாவில் அவ்வளவு பெரியதம்பிகள் இருப்பார்கள் என்று யார் கண்டது? ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை நீண்டது. "நான்தான்", "இன்னா?", "யாரு, எங்கூட்டு ஆளா?" அவர்களில் ஒருவரும் அவன் மாமா இல்லை. ஒவ்வொரு முகமும் அவன் கையிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக உள்ளே போயிற்று. அம்சாவுக்கு மூச்சு வாங்கியது. வண்டியின் கடைசிப் பெட்டி வரைக்கும் வந்துவிட்டார்கள்.

"சீனு, அந்தத் துண்டு" என்றாள் அம்சா. "பச்சைக் கரை. எங்க கல்யாணத்துக்கு நைனா எடுத்துக் குடுத்தது."

ஜன்னலோரம் ஒரு ஆள் சாய்ந்திருந்தான். பச்சைக் கரைத் துண்டு முகத்தில் கிடந்தது. சுற்றிலும் இவ்வளவு கூச்சலில் அந்த ஆள் அசையவில்லை. சீனுவாசனுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. மாட்டை விட்டு, வண்டியை விட்டு, பஸ்ஸைத் தோளில் சுமந்து வந்தால், இந்த மனுசன் தூங்குகிறாரே! கையை ஜன்னலுக்குள் விட்டுத் துண்டை வெடுக்கென்று இழுத்தான்.

துண்டு சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

பெரியதம்பியின் கண் இரண்டும் மிளகாயைத் தேய்த்த மாதிரி சிவந்திருந்தன. அந்த மனுசன் ஒரு இமை நேரம் கூடத் தூங்கியிருக்கவில்லை. துண்டுக்கு அடியில் இவ்வளவு நேரம் வேறு ஒரு காரியம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"அம்சா" என்றான் அவன். "திண்டிவனத்துல வண்டி கெளம்பற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன். உங்கப்பன்தான் வுடலைன்னு நெனச்சேன்" என்றான்.

"இல்ல மாமா. நைனாதான் அனுப்பிச்சாரு. நான்தான் தூங்கிட்டேன். மாடு பனமலைப் பக்கமா இழுத்துக்கினு வந்துடுச்சு." எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னான். குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டினான்.

பெரியதம்பி அதை வாங்கினான். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. மாடு பூட்டத் தெரியாதது போலவே இதுவும் தெரியவில்லை. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இடது கையும், இடது கை இருக்க வேண்டிய இடத்தில் வலது கையுமாகப் பிடித்துக்கொண்டு முழித்தான். குழந்தையும் முழித்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் நசுங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"மூக்கு உங்கப்பன் மூக்கு" என்றான் பெரியதம்பி கடைசியில்.

"நெத்தி உங்களுது" என்றாள் அம்சா.

"மாடு இப்ப எங்கடா?"

"அவுத்து வுட்டுட்டேன் மாமா. போயிடுச்சு."

பெரியதம்பி அவனையே பார்த்தான். அழுத கண்ணோடு சிரிப்பு வந்தது. "உங்க நைனா கிட்ட சொல்லு. மாப்ளைக்குத்தான் பூட்டத் தெரியாது, அவரு புள்ளைக்கு நல்லா அவுக்கத் தெரியும்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொன்னேன்னு சொல்லாத. கோவிச்சுக்கப் போறாரு" என்றான்.

விசில் ஊதியது. பெரியதம்பி குழந்தையை நீட்டினான், வண்டி அசைந்தது. துண்டின் முனை குழந்தையின் பிடியில் இருந்தது. அது விடுவதாக இல்லை. மறு முனை அவன் கையில். சீனுவாசன் குழந்தையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஜன்னலோடு ஓடினான். துண்டு இழுபட்டு நீண்டது. "வுடுங்க மாமா!" என்று கத்தினான். பெரியதம்பி துண்டை விட்டான். வண்டி போயிற்று. ஒரு கை வெகுதூரம் வரைக்கும் வெளியே தெரிந்தது. அது அவன் கைதானா, வேறு ஏதாவது பெரியதம்பியின் கையா என்று சொல்ல முடியவில்லை.

பிளாட்பாரம் காலியானது. இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மல்லாட்டைச் சாக்கு கூட்டுரோட்டில் கிடந்தது. வண்டி அஞ்சம்மாளின் கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் கிடந்தது. மாடுகள் இந்நேரம் பனமலையில் பழைய தொட்டியில் முகத்தை வைத்திருக்கும். வீட்டில் அப்பா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார்.

அப்பாவின் கால் ஞாபகம் வந்தது சீனுவாசனுக்கு. துண்டுக்கு அடியிலிருந்து நீண்டு, மாட்டின் தொடையைத் தொடுகிற அந்தக் கட்டைவிரல். அது எங்கே எங்கே தொடும் என்று யோசித்துப் பார்த்தான். ஏரிக்கரை வழி பிரிகிற இடத்தில் தொடும். பாலம் வருவதற்கு முன்னால் தொடும். எதிரே லாரி வந்தால் தொடும். தூக்கத்தில் ஆடுகிற காலுக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது?

இத்தனை வருஷமாக அவர் தூங்கவே இல்லை.

"டேய் சீனு" என்றாள் அம்சா. "இப்ப இன்னாடா பண்றது?"

வாழ்நாளில் இதுவரை யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. பனமலைக்குப் போய் மாட்டைக் கேட்பதா? கேட்டால் கொடுப்பார்களா? கொடுத்தால் அதுகள் வருமா? அக்காவையும் குழந்தையையும் மாமியார் வீட்டில் விடுவதா, வீட்டுக்குக் கூட்டிப் போவதா? அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது? எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தான்.

"நான் பாத்துக்கறேன்க்கா. நீ படு" என்றான்.

அம்சா அவன் சொன்னதை நம்பி, பெஞ்சின் அந்த ஓரத்தில் குழந்தையை அணைத்துக்கொண்டு சுருண்டாள். சீனுவாசன் குழந்தையின் விரல்களைப் பக்குவமாகப் பிரித்துப் பச்சைக் கரைத் துண்டை எடுத்தான். சாய்ந்தான். உதறி முகத்தில் போட்டுக்கொண்டான். அது இன்னும் ஈரமாகவே இருந்தது.

சற்று நேரம் கழித்து, "தூங்கிட்டியாடா?" என்று கேட்டாள் அம்சா.

"ம்" என்றான். துண்டுக்கு அடியில் கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கால் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து போய், அக்காவும் குழந்தையும் அங்கேயே இருக்கிறார்களா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டது.